ஏழு வரை எண்ணியவன்

வானம் கறுத்துக்கொண்டு வந்தால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு இருப்புக்கொள்ளாது. மாடியில் குடியிருந்த சின்னவன் மின்சார இலாகாவில் லைன்மேன். கீழே குடியிருந்த அவன் அண்ணி அதே இலாகாவின் தலைமை ஆபீசில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மின்னலுக்குக் கணக்குப் போடுகிற இன்ஜினியர். இடி இடித்தால் அவன் கம்பத்திலிருந்து இறங்குவான். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். அவள் புருஷன், அதாவது சின்னவனின் அண்ணன், வாசல் அறையில் பழைய சோபாக்களுக்கு உறை தைக்கிறவர். "இடி இடிச்சா இவனுக்கு லீவு, இவளுக்கு விசேஷம். நான் ஒருத்தன்தான் ஸ்பாஞ்சு நனையுதேன்னு ஓடணும்" என்பார்.

சின்னவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஆறடிக்கு மேலும் மூன்று விரற்கடை வளர்ந்திருந்ததால் ஏணி. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவன் மனைவிகூட, கோபம் வந்தால் "இந்த ஏணியைக் கட்டிக்கிட்டு நான் எங்க ஏறினேன்?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவனும் சும்மா இருக்கவில்லை. போகிற இடமெல்லாம் அண்ணியின் படிப்பைப் பற்றிப் பீற்றிப் பீற்றி, லைன் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவளைக் 'கணக்கு அண்ணி' ஆக்கிவிட்டான். அவளைப் பார்த்தே இராதவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் யாரும் அவளை எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் கீழ்வீட்டு மேஜையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் இருக்கும். எல்லாவற்றையும் விடப் பேச்சு நிறைய இருக்கும். அப்படி ஒருநாள்தான் அவன் கேட்டான்.

"அண்ணி, லைன்மேல மின்னல் விழுந்தா வோல்டேஜ் ஏறும், சரி. எங்கயோ காட்டுல விழுது, லைனைத் தொடவே இல்ல. அப்பவும் ஏறும்ங்கிறீங்களே, அது எப்படி?"

"பக்கத்து வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை. அவர் ஒரு கத்து கத்துறார். நம்ம வீட்டுல பேச்சு நிக்குமா நிக்காதா?"

"டக்குனு நிக்கும்."

"நம்மளைப் பார்த்து யாராவது கத்தினாங்களா?"

"இல்லையே."

"அவ்வளவுதான்."

அவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மனைவி முதுகில் தட்டினாள். அண்ணன்காரர், "இதைச் சொல்லத்தான் உனக்கு அத்தனை வருஷம் காலேஜா?" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் ஒரு தாளை எடுத்து ஒழுங்காகவே சொன்னாள். மின்னல் இறங்கும்போது அதைச் சுற்றியுள்ள வெளி முழுக்க ஓர் உதறு உதறும். அந்த உதறல் பக்கத்தில் நீண்டு கிடக்கும் கம்பியில் மின்னழுத்தத்தை எழுப்பும். எவ்வளவு எழுப்பும் என்பது மின்னலின் பலம், கம்பியின் உயரம், விழுந்த தூரம் இவற்றைப் பொறுத்தது. இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். நாலாவது ஒன்று இருக்கிறது, மண். ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்போது கணக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். காய்ந்த தரை, பாறைத் தரை என்றால் கேட்காது. தூரத்தில் விழுந்ததும் பெரிதாக எழுப்பும்.

"அப்போ மண்ணையும் சேர்த்துப் போடணுமே" என்றான் ஏணி.

"போடணும். எந்த இடத்துல என்ன மண்ணுன்னு யாரு அளந்து வச்சிருக்கா?" என்றாள் அவள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

லைன் ஆட்களுக்கு அதுவரை இருந்த விதி ஒன்றுதான். இடிச் சத்தம் காதில் விழுந்தால் இறங்கு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை ஏறாதே. மழைக்காலத்தில் பாதி நாள் கம்பத்தடியில் உட்கார்ந்து பீடி பிடிப்பதிலேயே போய்விடும். கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருந்தால் மாறாது, கரண்ட் வராது, ஜனங்கள் ஆபீஸ் வாசலில் வந்து கத்துவார்கள். பெரிய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு தூரத்துல விழுந்தா ஆபத்து இல்லைன்னு உங்க மாடல் சொல்லுதோ, அதை எனக்கு ஒரே நம்பரா கொடுங்க."

நாலு மாதம் உட்கார்ந்து அவள் அந்த எண்ணைக் கண்டுபிடித்தாள். லைனை நிறுத்தி, வேலை நடக்கும் கம்பத்துக்கு இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டிருந்தால், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் விழும் மின்னல் ஆளை ஒன்றும் செய்யாது. மின்னலைப் பார்த்த பிறகு இடிச் சத்தம் இரண்டு கிலோமீட்டர் வந்து சேர ஆறு விநாடி. ஆகவே ஆறு எண்ணு. அதற்குள் இடி கேட்டால் இறங்கு. கேட்காவிட்டால் வேலையைப் பார்.

அறிக்கையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: நிலம் நன்றாகக் கடத்தும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, பாறை நிலத்துக்குப் பொருந்துமா என்று அளந்து பார்க்க வேண்டும். அதை எழுதக் காரணம் லைன் மேஸ்திரி. கம்பங்களின் உயரம் கேட்டு அவள் போயிருந்தபோது அவர் சொன்னார்: "மேட்டு லைன்ல எர்த் ராடு இறங்காது மேடம். ரெண்டடியில பாறை. அடிச்சா ராடு மடங்குது. சும்மா பேருக்குத்தான் போடுறோம்." மேட்டு லைன் என்பது குன்றின்மேல் இருந்த தண்ணீர்த் தொட்டியின் பம்புக்குப் போகும் லைன். அவள் அதைக் குறித்துக்கொண்டு வந்து, பாறைக்கு உத்தேசமாக ஒரு மதிப்பைக் கொடுத்துக் கணினியை ஓட்டினாள். கம்பியில் எழும் மின்னழுத்தம் மற்ற இடங்களைப்போல மூன்று பங்கு என்று விடை வந்தது.

பெரிய இன்ஜினியர் குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். "இது எதுக்கும்மா? சின்ன எழுத்தைப் படிச்சுப் பார்த்துட்டா கம்பம் ஏறப் போறான்? மேட்டுல இருக்கிறது மொத்தமே நாப்பது கம்பம். அதை அளக்க ஆள் போட்டு, கருவி வாங்கி... அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இப்போதைக்கு எடுத்துடுங்க."

அவள் எடுத்துவிட்டாள். யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் ஆயிற்று.

விதி வந்து ஒரு வருஷம் ஓடியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலைகள் மளமளவென்று நடந்தன. லைன் ஆபீஸ் சுவரில் விதிப் பலகையை ஏணியே ஆணி அடித்து மாட்டினான், மாட்டிவிட்டு, "எங்க வீட்டுச் சொத்து. எவனாவது கையை வச்சீங்க, பார்த்துக்கோங்க" என்றானாம்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏணியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் மேஸ்திரி மட்டும் இருந்தார். சட்டை முழுக்கச் சேறு. அவளைக் கண்டதும் எழுந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல மேடம். அதை முதல்ல சொல்லிடுறேன்."

"என்ன ஆச்சு?"

"மேட்டு லைன்ல பீங்கான் மாத்துற வேலை. லைனை நிறுத்தி, ரெண்டு பக்கமும் எர்த் போட்டுட்டுத்தான் ஏறினோம். எர்த் போட்டோம்னு பேரு. காலையில இருந்தே அந்தப் பக்கம் கறுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒரு வெட்டு வெட்டிச்சு. நான் இறங்கிட்டேன். எனக்குப் பழைய பழக்கம், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கால் இறங்கிடும். இவன் மேலேயே நின்னுக்கிட்டு எண்ணுறான். ஊருக்கே கேக்கற மாதிரி எண்ணுறான். ஆறு தாண்டிடுச்சு, ஏழு. அப்புறம்தான் இடி. 'பார்த்தீங்களாண்ணே, தூரத்துல. எங்க அண்ணி கணக்கு. ஏறி வாங்க'ன்னு சிரிக்கிறான்."

மேஸ்திரி நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் நகரணும்னு பெல்ட்டைக் கழட்டினான். ஒரு கை கம்பியில. மறுபடி ஒரு வெட்டு. கையை உதறினான் மேடம், சூடு பட்ட மாதிரி. அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்து தரையில கெடக்கான்."

இடுப்பெலும்பும் இடது தொடையெலும்பும் முறிந்திருந்தன. டாக்டர் வெளியே வந்து, நடப்பான், தடி வைத்துக்கொண்டு நடப்பான், கம்பம் ஏறுவதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்றார். ஏணியின் மனைவி இஸ்திரிக் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு அழவில்லை. "அவர்கிட்ட நான் சொல்றேன். நீங்க யாரும் சொல்லாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை அண்ணி ஆபீசுக்குப் போனதும் செய்த முதல் வேலை, மின்னல் பதிவை எடுத்துப் பார்த்தது. எந்த மின்னல் எந்த நொடியில் எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளும் கருவிகள் நாலு இடங்களில் இருந்தன. அவன் எண்ணிய மின்னல் அந்தக் கம்பத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டரில் விழுந்திருந்தது. சத்தம் வர ஏழு விநாடி. அவனைத் தள்ளியது இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டரில். இரண்டுமே அவள் போட்ட கோட்டுக்கு வெளியே. அவன் எண்ணியதில் ஓர் இம்மி பிசகில்லை.

பழைய கோப்பைத் திறந்து பாறைக் கணக்கை மறுபடி ஓட்டினாள். மூன்று பங்கு. வந்த விடையை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக் கோப்பை மூடினாள். கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் அப்படி நினைப்பதுதான். அதில் தப்பில்லை. ஆனால் அந்த இன்னொரு தடவை மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாலாம் நாள் விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வார்டுக்கு வந்தார்கள். காலை இழுத்துக் கட்டியிருந்த கட்டிலில் ஏணி நீளம் போதாமல் கிடந்தான். அவள் ரொட்டிப் பொட்டலத்தோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"எத்தனை எண்ணினீங்க?"

"ஏழு சார்."

"விதிப்படி ரெண்டு கிலோமீட்டருக்கு வெளியே விழுந்தா ஒண்ணும் ஆகக் கூடாதே?"

ஏணி அண்ணியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினான்.

"கணக்குல தப்பு இருக்காது சார். நான்தான் வேகமா எண்ணிட்டேன் போல இருக்கு. பக்கத்துலயே விழுந்திருக்கும். நான் அவசரக்காரன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஊழியரின் கவனக்குறைவு என்று அவர் எழுதியதை அவள் நின்ற இடத்திலிருந்தே தலைகீழாகப் படித்தாள். வாய் திறக்க அப்போது இரண்டு நிமிஷம் இருந்தது. அதிகாரிகள் பேனாவை மூடினார்கள், கைப்பையை எடுத்தார்கள், பக்கத்துக் கட்டில்காரரிடம் என்ன உடம்புக்கு என்று விசாரித்தார்கள், போனார்கள்.

"ரொட்டி சூடா இருக்கா அண்ணி?" என்றான் ஏணி.

அதற்குப் பிறகு அவன் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தான். வார்டுச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் விநாடி முள் மேலே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவான். ஏழு வந்ததும் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்ப்பான். மறுபடி மூடுவான். அண்ணி போன நாளெல்லாம் அதைப் பார்த்தாள்.

ஒருநாள் அவன் மனைவி அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பகல் முழுக்க இதே வேலைக்கா. 'சரியாத்தானே வருது, சரியாத்தானே வருது'ன்னு முனகுறார். லைன் பசங்க வந்தாங்க. விளையாட்டுக்குத்தான், 'என்ன ஏணி, எண்ணப் படிச்சுக்கிட்டியா?'ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். சிரிச்சார். அவங்க போனதும் சாப்பாடு வேண்டாம்னுட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க சொல்லுங்க. அவர் தப்பாத்தான் எண்ணினாரா?"

"தெரியலையே" என்றாள் அண்ணி.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னபோது ஓரகத்தியின் கை அவள் கையைப் பிடித்திருந்தது. அது பிடித்தபடியேதான் இருந்தது.

வீட்டில் புருஷன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சில சமயம் அவளையே பார்ப்பார். "என்னமோ மாதிரி இருக்கியே" என்பார். "வேலை ஜாஸ்திங்க" என்பாள். அவர் அதற்கு மேல் துருவுகிற மனுஷர் இல்லை. எதற்குப் பயந்தாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். வேலை போய்விடும் என்றா? போகாது, அது அவளுக்குத் தெரியும். பெரிய இன்ஜினியருக்கா? அவர் அப்படியொன்றும் புலி இல்லை. யோசித்து யோசித்து அவளுக்குக் கிடைத்த பதில் அற்பமாக இருந்தது. கணக்கு அண்ணி என்று ஒருத்தி இருந்தாள். அவளை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுக்குத்தான் ஒருத்தனைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ண விட்டிருந்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் மேஸ்திரி அவள் அறைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் நின்றார்.

"நாளைக்கு மேட்டு லைனுக்குப் போறோம் மேடம். அவன் விட்ட இடத்துல இருந்து முடிக்கணும். அஞ்சு பேர். எல்லாம் புதுசா கல்யாணம் ஆனவனும், கைக்குழந்தைக்காரனுமா இருக்கானுங்க. விதிப்படி எண்ணணும்னு ஆர்டர். பசங்க தைரியமாத்தான் இருக்கானுங்க. 'ஏணிண்ணன் வேகமா எண்ணிட்டாரு, நாங்க நிதானமா எண்ணிக்கிறோம்'ங்கறானுங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆர்டர் எல்லாம் இருக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா. எண்ணலாமா?"

மேஜைமேல் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறிச் சத்தம் அவளுக்கு அப்போது பெரிதாகக் கேட்டது.

"எண்ணாதீங்க."

"என்னது?"

"எண்ண வேண்டாம். சத்தம் கேட்டா இறங்கிடுங்க. எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி."

மேஸ்திரி அவளைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அப்போ அவன்?"

"அவன் சரியாத்தான் எண்ணினான்."

"அதான் எனக்கும் தோணுச்சு" என்றார் அவர் மெதுவாக. "நானும் கீழ நின்னு கூடவே எண்ணினேன். எனக்கும் ஏழுதான் வந்துச்சு. படிச்சவங்க கணக்கு, நமக்கு என்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன்." அதில் குத்தல் எதுவும் இல்லை. கதவருகே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "அன்னிக்கு ராடு மடங்குதுன்னு சொன்னேனே, எழுதிக்கிட்டீங்களே மேடம்" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அவள் ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினாள். பதிவு, பாறை, மூன்று பங்கு, நீக்கிய குறிப்பு, நீக்கிய தேதி. பெரிய இன்ஜினியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப எதுக்கும்மா இது? அந்தப் பையனே ஒத்துக்கிட்டானே."

"அதனாலதான் சார்."

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, எண் போட்டு வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்வை நேரம் ஆரம்பித்திருந்தது. புருஷன் வந்திருந்தார். ஓரகத்தி ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ சரியாத்தான் எண்ணின" என்றாள் அண்ணி, உட்காராமலே.

"அட விடுங்க அண்ணி. முடிஞ்சு போன கதை."

"ஆறுதலுக்குச் சொல்லல. மின்னல் எங்க விழுந்துச்சுன்னு பதிவு இருக்கு. நீ எண்ணினதுக்கு ஏழுதான் வரணும். உன்னைத் தள்ளினதும் ரெண்டு கிலோமீட்டருக்கு வெளியதான் விழுந்திருக்கு."

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "நான் சொல்லல? நான் சொல்லல உங்கிட்ட?" என்றான். பிறகுதான் மிச்சம் உறைத்தது. "அப்போ கணக்கு?"

"கணக்குதான் தப்பு. மேட்டுல பாறைன்னு மேஸ்திரி சொல்லியிருந்தார். போட்டும் பார்த்தேன். மூணு பங்கு வந்துச்சு. அறிக்கையில எழுதி, அப்புறம் எடுத்துட்டேன்."

அவன் கூரையைப் பார்த்தான்.

"தப்பு யாருக்கும் வரும் அண்ணி. நானும் எத்தனை தடவை ஃபியூஸை மாத்திப் போட்டிருக்கேன். பெரியவங்க எடுக்கச் சொல்லியிருப்பாங்க. அதை விடுங்க." அவன் அப்படிச் சொல்லச் சொல்ல, அவளுக்கு அடுத்த கேள்வி எங்கே வரும் என்று தெரிந்தது. அது வந்தது. "இந்தப் பதிவு எப்ப கிடைச்சுது?"

"நீ விழுந்த மறுநாள்."

"மறுநாளா?"

"காலையில."

"அதிகாரிங்க வந்தது நாலாம் நாள்."

"ஆமா."

"நீங்க அங்கதான் நின்னீங்க. ரொட்டி வச்சுக்கிட்டு."

"ஆமா தம்பி."

காலைக் கட்டிப்போட்டிருந்ததால் புரண்டு படுக்க முடியாது. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஓரகத்தி ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நான் உங்ககிட்ட நேராவே கேட்டேனேக்கா" என்றாள்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்திருந்தாலும் தேவலை. அவள் அப்படிச் சொல்லிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து புருஷனுக்கு வெந்நீர் ஊற்றினாள். அண்ணன்காரர் காலிப் பாத்திரங்களைப் பைக்குள் அடுக்கினார். இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

நடக்க வேண்டியவை நடந்தன. விதிப் பலகையைக் கழற்றினார்கள். பழைய விதியே திரும்ப வந்தது. மேட்டில் நாற்பது கம்பங்களின் அடியிலும் ஆள் போட்டு மண்ணை அளந்தார்கள். அதை வைத்து அவள் எட்டு மாதம் புதிதாகக் கணக்குப் போட்டாள்; இந்தத் தடவை சின்ன எழுத்து எதுவும் இல்லை, எல்லாம் பெரிய எழுத்தில். பெரிய இன்ஜினியர் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஏணியின் கோப்பில் கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்து, ஊழியர் விதிப்படியே நடந்துகொண்டார் என்று ஒரு வரி எழுதினார்கள். தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவனைப் புகார் போன் எடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். லைன் பசங்கள் ஒவ்வொருத்தனாக வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாகவும் மேஸ்திரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மாடிப்படி ஏற அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே வேறு வீடு பார்த்தார்கள். கீழ்வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மாடிக்குப் போகிறோம் என்று அண்ணன்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சோபாவையெல்லாம் மாடிக்கு எப்படித் தூக்குவீங்க? வேண்டாம்ணே" என்று தம்பி முடித்துவிட்டான். சாமான் ஏற்றிய அன்று அவளும் கூடமாட வேலை செய்தாள். பாத்திரங்களைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஓரகத்தி வாங்கிப் பெட்டியில் வைத்தாள். "இதை மேல வைக்கட்டுமாக்கா?" "வை." "கயிறு இருக்கா?" "இந்தா." பேச்சு அந்த மட்டில் நடந்தது.

வண்டி கிளம்பும்போது ஏணி முன்சீட்டில் தடியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னல் பக்கம் போனாள்.

"வந்து பார்க்கலாமா தம்பி?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க. தாராளமா வாங்க" என்றான். டிரைவர் சாவியைத் திருகினார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

அவன் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்று தெரிய வேண்டாமா, அதற்காகச் சொன்னான். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனதில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, புருஷனும் அவளுமாகப் போனார்கள். புது வீடு சின்னதாக, வெளிச்சமாக இருந்தது. தரையெல்லாம் துடைத்திருந்தது. ஏணி முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அவர்களைக் கண்டதும் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றான். "உக்காருப்பா, உக்காரு" என்றார் அண்ணன். "முதல்ல நீங்க உக்காருங்க" என்றான். ஓரகத்தி உள்ளேயிருந்து தட்டு எடுத்து வந்தாள். தட்டில் டீ, புதுக் கோப்பைகளில். அடியில் அதற்குச் சேர்ந்த சாசர்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பிஸ்கட்டுகள் வட்டமாக அடுக்கியிருந்தன.

"சர்க்கரை சரியா இருக்கா பாருங்கக்கா. இல்லாட்டி போட்டுக்கலாம்" என்றாள்.

அவள் எத்தனை சர்க்கரை போட்டுக்கொள்வாள் என்பது ஓரகத்திக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"சரியா இருக்கு" என்றாள் அண்ணி. சாசரில் ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பையை எடுத்துக் குடித்தாள். அண்ணனும் தம்பியும் வெயில் எப்படி அடிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.